தூக்கில் தொங்கிய துரையும் தலைப்பாகை கட்டிய துரையும்

அந்தப் படம் கல்கத்தாவில் எங்கள் பெஹாலா வீட்டில் வந்து இறங்கிய மதியம் நல்ல மழை. சைக்கிள் வேனில் பழைய வங்காளிப் பேப்பர்களைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, டாலிகஞ்சிலிருந்து நனைந்துகொண்டே கொண்டுவந்திருந்தார் நிமாய்-தா ('தா' என்றால் இங்கே அண்ணன்). சினிமா ஸ்டுடியோக்களுக்கு அரண்மனையும் ஆலமரமும் எழுதிக் கொடுக்கிற ஓவியர் அவர். ஆளுயரப் படம். வாசல் கதவில் நுழையாமல் இரண்டு முறை சாய்த்துப் பார்த்து, மூன்றாம் முறைதான் உள்ளே வந்தது. முன்னறை முழுக்க டர்பன்டைன் வாடை.

"கோமு, கீழ வா. தாத்தா வந்துட்டாரு" என்று மாடிப்படியடியில் நின்று அண்ணன் கூப்பிட்டார்.

தாத்தா என்றது எங்கள் தாத்தாவுக்கும் பல தலைமுறை முந்தியவரை. திருநெல்வேலிச் சீமையில் உடைமரப்பட்டி என்ற சின்னப் பாளையத்தை ஆண்ட இருளப்பத்துரை. கம்பெனிக்காரன் பிடித்து, அவருடைய கோட்டைவாசல் புளியமரத்திலேயே தூக்கில் போட்டான். நாங்கள் அவருடைய நேர் வாரிசுகள். அப்படித்தான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் கூடத்தில் மாட்டுவதற்காக அண்ணன் எழுதச் சொன்ன படம் அது. துரையின் முகம் யாருக்குத் தெரியும்? அண்ணன் தன் கல்யாணப் போட்டோவைக் கொடுத்துவிட்டார். நிமாய்-தா அந்த முகத்துக்கு முறுக்கு மீசையும் முத்துமாலையும் போட்டு, தலையில் நாடகக் கிரீடம் ஒன்றை வைத்திருந்தார். கீழே பித்தளைப் பலகை: 'தியாகி இருளப்பத்துரை. நேர் வாரிசுகள் அளித்தது.'

"ஜாத்ரா நாடகத்து ராஜா மாதிரில்ல இருக்காரு" என்றேன்.

"ராஜான்னா அப்படித்தான் இருப்பாரு" என்றார் அண்ணன். எழுபத்து நாலு வயது, துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், மன்றத்தின் தலைவர். அவரிடம் வேறென்ன பதில் கிடைக்கும்.

அந்த நேரத்தில்தான் குடையை உதறிக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள், பெயர் பேச்சியம்மாள். மன்றத்தில் உறுப்பினராகச் சேர அண்ணனிடம் கையெழுத்து வாங்க வந்தவள். படத்தைப் பார்த்தாள். பலகையைப் படித்தாள். செருப்பை ஏற்கெனவே வாசலில் விட்டிருந்தாள். இப்போது கைப்பையையும் தரையில் வைத்துவிட்டு நேராக நின்றாள்.

"அண்ணாச்சி, இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க பாட்டன்மா. தூக்குல தொங்குனவரு."

அவள் குரலை உயர்த்தவேயில்லை.

"இல்ல அண்ணாச்சி. தொங்குனவரு எங்காளு. உங்காளு, அதுக்குப் பெறவு தலைப்பா கட்டிக்கிட்டவரு."

வீட்டில் பாய்ந்த சொல்

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார், உங்கள் தொடரில் அண்ணனைக் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள் என்று. விட்டாயிற்று, ஐயா. இந்த வாரம் பிடிக்கிறேன்.

பேச்சியம்மாள் போனபிறகு அண்ணன் விசிறிக்கொண்டே சொன்னார், "பங்காளி வயித்தெரிச்சல். ஊருல இதெல்லாம் உள்ளதுதான்." எனக்கும் அன்றைக்கு அவள்மேல்தான் கோபம். அதை ஒளிக்கப் போவதில்லை. வீடு தேடி வந்து, எங்கள் முன்னறையில் நின்று, எங்கள் பாட்டனை எடுத்துக்கொண்டு போகிறாளே என்று கொதித்தது.

ஏன் கொதித்தது என்றால், அந்தப் பாட்டன் எனக்கு மிகவும் வேண்டியிருந்தார்.

கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு எங்கள் காலத்தில் என்ன மரியாதை என்கிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் நான் 'மத்ராஸி'. டிபன் டப்பாவைத் திறந்தால் 'இட்லி, தோசா' என்று நாலு பேர் பாடுவார்கள். வகுப்பில் பாதிப் பேருக்குக் குண்டு வீசிய மாமா உண்டு, அந்தமான் போன சித்தப்பா உண்டு. ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு தியாகியின் சிலை, கழுத்தில் காய்ந்த சாமந்தி மாலை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து சொன்னேன், "உங்க மாமால்லாம் பொறக்கறதுக்கு நூறு வருஷம் முந்தியே எங்க தாத்தா வெள்ளைக்காரனோட சண்டை போட்டுத் தூக்குல தொங்கியாச்சு." வங்காளியில்தான் சொன்னேன், அப்போதுதானே உறைக்கும். அதன்பிறகு பாட்டு நின்றுபோனது.

அண்ணனை எங்கள் பாடாவில், தெருவில், 'ராஜா-தா' என்றுதான் கூப்பிடுவார்கள். துர்கா பூஜைப் பந்தலில் அவருக்கு முன்வரிசை நாற்காலி. ஆகஸ்ட் பதினைந்துக்கு மன்றத்தில் கொடியேற்றுவது அவர்தான், அதில் போட்டியே கிடையாது. இத்தனைக்கும் ஒரு புளியமரம்தான் காரணம்.

துரைமார் என்றால் யார்

கல்கத்தாவிலேயே பிறந்த பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விலகிப் போகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாவலாம்.

மதுரை நாயக்கர்கள் காலத்தில் தெற்குச் சீமையைப் பாளையங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பாளையக்காரர் தன் ஊர்களுக்குக் காவல் நிற்க வேண்டும். மேலே கப்பம் கட்ட வேண்டும். கூப்பிட்டால் ஆள் படையோடு போக வேண்டும். ஊரில் களவு போனால் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு, முடியாவிட்டால் ஈடு கொடுப்பதும் அவர் பொறுப்பு. அந்தக் காவல் அவர் கையில் இருந்தவரைக்கும்தான் அவர் துரை.

பிறகு நாயக்கர் ஆட்சி போனது, நவாபு வந்தார், நவாபின் கடனுக்கு வசூல் செய்கிறேன் என்று கம்பெனி வந்து உட்கார்ந்தது. காவலை விடு, ஆயுதத்தைக் கீழே போடு, வரியை எங்களிடம் கட்டு என்றது. சிலர் முடியாது என்றார்கள். சிலர் பக்கத்துப் பாளையத்தோடு இருந்த பழைய பகையை மனதில் வைத்துக்கொண்டு கம்பெனியோடு போனார்கள். சிலர் இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம். எல்லாப் பாளையக்காரரும் விடுதலை வீரர் என்று படம் போட்டுக்கொள்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாரும் பணம் தின்றவர்கள் என்று கையை உதறுகிறவர்களிடமும் கிடையாது. நாடு என்று அவர்கள் நினைத்தது சொந்தமாக ஒரு இருபது ஊரைத்தான். அந்த இருபது ஊருக்காக உயிரைக் கொடுத்தவர் கொடுத்தார், மாட்டேன் என்றவர் ஜமீன்தார் ஆனார்.

எங்கள் பாளையத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. யார் பட்டத்துக்கு வந்தாலும் தலைப்பாகை கட்டும்போது சொந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அன்றிலிருந்து அவர் இருளப்பத்துரை. அவருக்கு முன்னால் இருந்தவரும் இருளப்பத்துரை, பின்னால் வரப்போகிறவரும் இருளப்பத்துரை.

செத்தவர் கொடுத்த மாடு

பேச்சியம்மாள் சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவள் நான், காகிதத்தைப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். மதராஸிலிருந்த கம்பெனி அதிகாரிகள் எது செய்தாலும் கல்கத்தாவில் இருந்த பெரிய துரைக்கு, கவர்னர் ஜெனரலுக்கு, எழுதி அனுப்புவார்கள். நம் ஆட்களைத் தூக்கில் போட்ட சேதி எல்லாம் நான் மினிபஸ்ஸில் சுற்றி வருகிற இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வங்காளித் தோழியின் சிபாரிசில் ஆவணக் காப்பகம் ஒன்றில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு நாள் போனேன். சாய்ந்த எழுத்து, மங்கிய மை, தூசியில் தும்மல். மேலே மின்விசிறி தாள் பறக்காத அளவுக்குத்தான் ஓடும். நம் ஊர்ப் பெயர்களை அவர்கள் எழுதியிருக்கிற லட்சணத்தில், உடைமரப்பட்டியைக் கண்டுபிடிக்கவே ஏழு நாள் ஆனது.

முதல் கடிதத்தில் இருளப்பத்துரை பிடிபட்டார், தூக்கிலிடப்பட்டார், கோட்டையைத் தரைமட்டமாக்க உத்தரவு ஆயிற்று. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. சில மாதம் கழித்து எழுதிய இன்னொரு கடிதத்தில், காட்டில் ஒளிந்திருந்த மிச்ச ஆட்களைப் பிடிக்க வழிகாட்டிய இருளப்பத்துரைக்கு, பட்டாளத்துக்கு வண்டி மாடுகள் கொடுத்து உதவிய இருளப்பத்துரைக்கு, பாளையத்தைப் பட்டயம் எழுதிக் கொடுக்கலாம் என்று சிபாரிசு.

செத்தவர் எப்படி மாடு கொடுப்பார்? எழுதின குமாஸ்தா உளறியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த தாளைப் புரட்டினால் அவனே தெளிவாகச் சொல்லியிருக்கிறான்: பட்டத்தில் வைக்கப்பட்டவர், தூக்கிலிடப்பட்டவருடைய சிற்றப்பன் மகன்.

எங்கள் வீட்டு வரலாறு சொன்னது வேறு. தொங்கினவரின் மகனைப் பார்த்துக் கம்பெனியே மனமிரங்கி ஜமீனைத் திருப்பிக் கொடுத்ததாம். பெயர் ஒன்றாகவே போனதால் தகப்பனும் மகனும் என்று கோத்துவிட்டோம். கம்பெனி எப்போது, யாரைப் பார்த்து மனமிரங்கியது? அறுபத்தாறு வயதுவரை இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் என்னையே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

வெளியே வந்து மண் குவளையில் டீ வாங்கினேன். குடிக்க முடியவில்லை. அழுகை இல்லை, சுத்தமான கோபம். அந்த மனிதர் செத்ததோடு விட்டோமா? அவர் நாற்காலியை எடுத்தோம், பட்டப் பெயரை எடுத்தோம், கடைசியில் அவர் சாவையும் எடுத்து நம் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறோம்.

அண்ணனுக்குத் தெரியும்

கடிதங்களின் நகலை அண்ணனுக்கு முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை, கையால் தொடவும் இல்லை.

"தெரியும்" என்றார்.

"எது தெரியும்?"

"அப்பா சொல்லியிருக்காரு. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்."

எனக்குச் சொல்லவில்லை. பெண்பிள்ளை, இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், எதற்கு என்று விட்டிருக்கிறார்கள். நான் எங்கேயும் போகவில்லை, இதே வீட்டு மாடியில்தான் இருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

"தெரிஞ்சேவா பலகை அடிச்ச?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு கோமு. யாரு பிரிச்சுப் பாக்கப் போறா. நமக்கு இந்த ஊருல வேற என்ன இருக்கு சொல்லு. போர்ட்ல என்னைய எப்படிக் கூப்புட்டானுங்கன்னு உனக்குத் தெரியுமா? அவரு இருந்ததனாலதான் நான் நிமிர்ந்து நின்னேன்."

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவருக்குப் பெஹாலாவும் துறைமுகமும் மட்டும்தான் உலகம், அதில் அவரைத் தூக்கிப் பிடித்தது அந்த ஒரு கதை.

"நீ நிமிர்ந்து நின்னது சரி அண்ணே. நின்னது அவரு தோள்மேல. அவரு பிள்ளைங்க தரையில நிக்குதுங்க."

"ஞாயித்துக்கிழமை நான் எழுதிக் குடுக்கறத மட்டும் நீ வாசி. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினா, மாடியோட இருந்துக்க. கீழ என் வீட்டுக்குள்ள கால் வைக்காத."

மன்றத்து விழாக்களில் அறிமுக உரை வாசிப்பது எப்போதும் நான்தான். சுமாரான தமிழ் அங்கே இன்னும் என் வாயில்தான் வருகிறது. அண்ணன் எழுதிய தாளை வாங்கிக்கொண்டேன். வாசலுக்குப் போகிற படி கீழே அவருடைய முன்னறை வழியாகத்தான் இறங்குகிறது. ஆனால் வீடு அப்பா இருவர் பெயருக்கும் எழுதியது. படியில் பாதி என்னுடையது.

மறுநாளே சால்ட் லேக்குக்கு ஆட்டோ மாறி மாறிப் போனேன். பேச்சியம்மாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நகலைக் கொடுத்தேன். வாசித்து முடித்தபிறகு, "இதெல்லாம் எழுதிக்கூட வச்சிருக்காங்களா" என்று மட்டும் கேட்டாள்.

"உங்க வீட்டுல இதப் பத்தி என்னம்மா சொல்லுவாங்க?"

"கதையச் சொல்லுவாங்க, பேர மட்டும் சொல்லமாட்டாங்க. அதான் விஷயமே. அந்தப் பட்டப் பேர எங்க வீட்டுல யாரும் வைக்கவும் கூடாது, வாயால சொல்லவும் கூடாதுன்னு அன்னைக்குக் கம்பெனி உத்தரவு. கோட்டைய இடிச்ச எடத்துல, தடமே தெரியக்கூடாதுன்னு ஆமணக்கு வெதச்சிருக்காங்க. பெறவு உத்தரவு போட்டவன் போயிட்டான், பழக்கம் போகல. நாங்க இன்னைக்கும் 'அவரு'ன்னுதான் சொல்லுவோம்."

"ஞாயித்துக்கிழமை வா" என்றேன். "முன்வரிசையில உக்காரு."

மன்றத்துக் கூடம்

நூறு பேர் இருப்பார்கள். வங்கி, துறைமுகம், ராணுவம் என்று மாற்றலில் வந்த குடும்பங்கள், எங்களைப்போல மூன்று தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன குடும்பங்கள். சமோசாவும் ரசகுல்லாவும் தட்டில் தயாராக இருந்தன. படத்தின்மேல் சிவப்புத் துணி. அண்ணன் பட்டு வேட்டியில், துணியின் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார்.

அண்ணன் எழுதிக் கொடுத்த தாளை நான் எடுத்துப் போகவில்லை. மடித்து வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

"இந்தப் படத்தில் இருப்பவர் தூக்கில் தொங்கியவர்" என்று ஆரம்பித்தேன். "நாங்கள் அவருடைய வாரிசுகள் இல்லை. அவர் ஆட்களைக் காட்டிக்கொடுத்து அவர் இடத்தில் உட்கார்ந்தவருடைய வாரிசுகள். இந்த ஊருக்கு வந்த கம்பெனிக் கடிதங்களில் இருக்கிறது, நகல் என் பையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். இத்தனை வருடம் உங்கள் முன்னால் வாங்கிக்கொண்ட மரியாதை எங்களுடையது இல்லை. இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன்."

மன்றச் செயலாளர் ஓடிவந்து மைக்கை அணைத்தார். அணைத்தால் என்ன? வங்கியில் கவுண்டருக்கு வெளியே நிற்கிற கடைசி ஆள்வரை கேட்கும்படி முப்பத்தைந்து வருடம் பேசியவள். மீதியையும் சொல்லி முடித்தேன். கடைசியாக, "பேச்சியம்மா, மேல வா. இந்தத் துணிய நீதான் எடுக்கணும்" என்றேன்.

அவள் வந்தாள். அண்ணன் கயிற்றை விடவில்லை. அவள் பிடுங்கவும் இல்லை, பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றார்களோ தெரியாது. அண்ணன்தான் முதலில் கையை எடுத்தார். யாரையும் பார்க்காமல் நடுவழியாக நடந்து வெளியே போனார்.

அவள் கயிற்றை இழுத்தாள், துணி விழுந்தது. பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். செயலாளருக்குக் கவலை வேறு. "பலகைய மாத்தணுமேம்மா. வாரிசு பேரு உங்க பேரு, சரி. தியாகி இருளப்பத்துரைங்கறது அப்படியே இருக்கட்டுமா?"

"அது வேண்டாம் சார்" என்றாள் அவள். "அது பட்டத்துப் பேரு. அத எடுத்தவங்களே வச்சுக்கட்டும். அவரு பேரு சுடலைமுத்து. அவங்க ஆத்தா வச்ச பேரு. அந்தப் பேரச் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு போட அவனுங்களுக்குத் தோணல, ஏன்னா அப்படி ஒரு பேரு இருக்குறதே அவனுங்களுக்குத் தெரியாது. எங்க அப்பா பேரு சுடலைமுத்து. எங்க வீட்டுல தலைமுறைக்கு ஒரு சுடலைமுத்து உண்டு."

இப்போது மன்றத்துக்குப் போனால் பார்க்கலாம். புதுப் பலகையில் 'சுடலைமுத்து' என்றுதான் இருக்கிறது.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு மூன்று பேர் மன்றத்திலிருந்து விலகினார்கள். குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று ஊரிலிருந்து போன் வந்தது. ஏற்றினது உண்மைதான், கப்பல் எங்களுடையதும் இல்லை, மானமும் எங்களுடையதில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை படியிறங்கிக் கீழே போனேன். அண்ணன் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கால் வைக்காதே என்று சொன்ன இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் நிமிரவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் அண்ணே. தலைப்பா கட்டிக்கறதுக்கு முன்னால நம்மாளு பேரு என்ன?"

"இருளப்பத்துரை" என்றார் பேப்பருக்குள்ளிருந்தே.

"அது கட்டிக்கிட்டதுக்கு அப்புறம். அவங்க ஆத்தா வச்ச பேரு."

பேப்பரைக் கீழே இறக்கினார். யோசிக்கிறார் என்பது தெரிந்தது. கடிதக் கட்டுகளில் நானும் தேடியிருந்தேன், அந்தப் பெயர் அங்கே இல்லை. ஜமீன் வந்தது, பட்டயம் வந்தது, அவருக்கு ஒரு தடையும் இருந்ததில்லை, ஒருவரும் அவர் பெயரைச் சொல்லாதே என்று எங்களிடம் சொன்னதில்லை.

"தெரியலையே கோமு" என்றார் அண்ணன். "அப்பாவும் சொல்லலையே."